மில்ட்ரெட்டின் 2,500 ஏக்கர்

(வர்ஜீனியாவில் தமிழ்ச் சங்கக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, வரவேற்புரையை வெண்பாவில் தொடங்கி வெண்பாவிலேயே முடித்த செயலாளர் அவர்களே, இந்த மண்டபத்தை நமக்காகத் திறந்துவிட்ட நூலகப் பொறுப்பாளர் அம்மையார் அவர்களே, முன்வரிசையில் வந்து அமர்ந்து எனக்குப் பெருமை சேர்த்திருக்கும் ஓய்வுபெற்ற நீதிபதி ஐயா அவர்களே, ஞாயிறுதோறும் நம் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துகளைக் கற்றுத்தரும் ஆசிரியப் பெருமக்களே, தாய்மார்களே, இளைஞர்களே, உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

எனக்குப் போர்த்திய பொன்னாடையை, இந்த ஊர் நீதிமன்ற ஆவண அறையில் பழைய பதிவேடுகளை முகம் சுளிக்காமல் எடுத்துத்தரும் ஊழியர்களுக்கு உரியதாகவே ஏற்றுக்கொள்கிறேன். தமிழ்நாட்டில் சார்பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஃபேர்ஃபாக்ஸுக்கு வந்தேன். வந்த இடத்திலும் கால் பத்திர அறைக்குத்தான் போகிறது.

குடியேற்றக் காலக் குடும்பம் ஒன்றின் வம்சாவளியை நிலப் பத்திரம், உயில், பழைய தேதிக் கணக்கு ஆகிய மூன்றையும் கொண்டு எப்படிக் கண்டுபிடிப்பது என்று நான் பேசுவதாக அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறார்கள். நான் எடுத்துக்கொண்டிருப்பது அமெரிக்காவின் முதல் அதிபர் ஜார்ஜ் வாஷிங்டனின் குடும்பம். நீங்கள் குடியிருக்கும் மண்ணின் பழைய பட்டாதாரர்கள் அவர்கள்.

என் அப்பா அடிக்கடி சொல்வார்: ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு. வர்ஜீனியாவுக்கு வந்த ஆங்கிலேயர்கள் இந்தப் பழமொழியைக் கேட்டிருக்க மாட்டார்கள், ஆனால் அதன்படியே நடந்திருக்கிறார்கள். 1618 முதல் இங்கே ஒரு விதி உண்டு. ஓர் ஆளைத் தன் செலவில் கப்பலேற்றிக் கொண்டுவருபவருக்கு 50 ஏக்கர் நிலம். அப்படி நிலம் கேட்டவர், யார் யாரை அழைத்துவந்தேன் என்று பெயர் சொல்லியாக வேண்டும். அதனால் சொந்தமாக ஒரு குழி நிலம்கூட இல்லாத கூலியாளின் பெயரும் முதலாளியின் நிலப் பத்திரத்தில் ஏறியிருக்கிறது. சிலருக்கு இந்த உலகத்தில் மிச்சமிருக்கும் ஒரே எழுத்து அதுதான்.

நிலத்துக்கு எல்லை சொல்லும் முறையைப் படித்தபோது எனக்கு என் அலுவலக மேசையே நினைவுக்கு வந்தது. ஆற்றங்கரையில் நிற்கும் வெள்ளை ஓக் மரத்தில் தொடங்கி, இன்ன திசையில் இத்தனை கழி தூரம் போய், இன்னார் நிலத்தின் மூலையைத் தொட்டுத் திரும்பி, மறுபடி அந்த மரத்துக்கே வந்து சேர வேண்டும். நம் பத்திரத்தில் 'கிழக்கே வாய்க்கால், மேற்கே இன்னார் புஞ்சை' என்று செக்குபந்தி எழுதுகிறோமே, அதே கைதான். அந்த 'இன்னார்' மிக முக்கியம். பக்கத்து நிலத்துக்காரர் பெரும்பாலும் மாமனாராகவோ மைத்துனராகவோ இருப்பார். ஜார்ஜின் கொள்ளுத்தாத்தா ஜான் வாஷிங்டன் கப்பல் துணை மாலுமியாக இங்கே வந்தவர். நத்தானியேல் போப் என்பவரின் மகள் ஆனைத் திருமணம் செய்தார். மாமனார் 700 ஏக்கர் கொடுத்தார். அமெரிக்காவில் அந்தக் குடும்பம் காலூன்றியதே ஒரு பெண் வழியாக வந்த நிலத்தில்தான். இதை நெஞ்சில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் குடும்பத்தில் தலைமுறைக்குத் தலைமுறை ஜான், லாரன்ஸ், அகஸ்டின் என்ற பெயர்களே திரும்பத் திரும்ப வருகின்றன. பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைக்கும் நமக்கு இது புதிதா என்ன? ஜானின் மகன் லாரன்ஸ், அகஸ்டினின் மகனும் லாரன்ஸ். பெயரை மட்டும் வைத்து மரம் வரைந்தால் பாட்டனும் பேரனும் ஒருவராகிவிடுவார்கள். நிலத்தைப் பிடித்துக்கொண்டு போனால் குழப்பம் இல்லை. தாய்ப் பத்திரம் கைக்கு வந்துவிட்டால், எந்த லாரன்ஸ் யாருக்குக் கொடுத்தார் என்பது தானே தெரிந்துவிடும்.

1674இல் லிட்டில் ஹண்டிங் கிரீக் ஓடைக்கரையில் ஜான் வாஷிங்டனும் நிக்கோலஸ் ஸ்பென்சரும் சேர்ந்து 5,000 ஏக்கர் பெற்றார்கள். பின்னால் அது இரண்டாகப் பிரிந்தது. வாஷிங்டன் பங்கான 2,500 ஏக்கர் ஜானின் மகன் லாரன்ஸிடம் வந்தது. லாரன்ஸ் 1698இல் இறந்தார். அவருக்கு ஜான், அகஸ்டின் என்று இரண்டு மகன்கள், மில்ட்ரெட் என்று ஒரு மகள். அந்தக் காலச் சட்டப்படி உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால் நிலம் முழுவதும் மூத்த மகனுக்கே போகும். வர்ஜீனியா அந்தச் சட்டத்தை மாற்ற 1785 ஆயிற்று. லாரன்ஸ் உயில் எழுதிவைத்தார். அந்த 2,500 ஏக்கரைக் கைக்குழந்தையான மகள் மில்ட்ரெட்டின் பெயரில் எழுதினார்.

மில்ட்ரெட் வளர்ந்து ரோஜர் கிரிகரி என்பவரை மணந்தார். 1726இல் கணவனும் மனைவியும் சேர்ந்து, அந்த நிலத்தை அண்ணன் அகஸ்டினுக்கு 180 பவுண்டுக்கு விற்றார்கள். அகஸ்டினிடமிருந்து உயில் வழியாக 1743இல் அவருடைய மூத்த தாரத்து மகன் லாரன்ஸுக்குப் போயிற்று. அவர்தான் மவுண்ட் வெர்னான் என்று பெயர் வைத்தவர். 1752இல் லாரன்ஸ் இறந்தபோது மகள் சாராவுக்கு எழுதிவைத்தார். மனைவி ஆன் ஆயுள் பரியந்தம் அனுபவிக்கலாம். மகள் வாரிசில்லாமல் போனால், ஆனுக்குப் பின் தம்பி ஜார்ஜுக்கு. சாரா 1754இல் இறந்தாள். அண்ணியாரிடம் குத்தகைக்கு எடுத்து ஜார்ஜ் பயிர் செய்தார். குத்தகைத் தொகை பணமாக இல்லை, ஆண்டுக்கு 15,000 ராத்தல் புகையிலை. 1761இல் ஆன் இறந்த பிறகே நிலம் ஜார்ஜுக்குச் சொந்தமாயிற்று.

சற்று எண்ணிப் பாருங்கள். சுற்றுலாப் பேருந்தில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறோமே, அந்த மாளிகையின் வில்லங்கத்தைப் போட்டால் மில்ட்ரெட், ஆன், சாரா என்று மூன்று பெண்கள் வருகிறார்கள். எழுதப்பட்டதனால் வருகிறார்கள்.

எழுதப்படாததனால் என்ன வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஜார்ஜின் மனைவி மார்த்தா. அவருடைய முதல் கணவர் டேனியல் பார்க் கஸ்டிஸ் பெரிய செல்வந்தர். 1757இல் உயில் எழுதாமலேயே இறந்துபோனார். சட்டப்படி மார்த்தாவுக்கு மூன்றில் ஒரு பங்கு, அதுவும் ஆயுள்கால அனுபவத்துக்கு மட்டும். அந்தப் பங்கில் நிலம் மட்டும் இல்லை, அடிமைப்படுத்தப்பட்ட மனிதர்களும் இருந்தார்கள். 1799இல் ஜார்ஜ் வாஷிங்டன் தன் கையாலேயே பட்டியல் எழுதினார். யார் பெயர் என்ன, யாருக்கு யார் துணை, யார் தன்னுடையவர், யார் மார்த்தாவின் பங்கில் வந்தவர் என்று அதில் இருக்கிறது. தன் உரிமையில் இருந்த 123 பேரை விடுவிக்கத் தன் உயிலில் எழுதினார். மார்த்தாவின் பங்கில் வந்த 153 பேரை விடுவிக்கக் கணவனுக்கும் உரிமை இல்லை, மனைவிக்கும் உரிமை இல்லை. 1801 சனவரி முதல் நாள் கணவன் விடுதலை பெற்று வெளியேற, மனைவியும் பிள்ளைகளும் அங்கேயே நின்ற குடும்பங்கள் உண்டு. 1802இல் மார்த்தா இறந்ததும் அவர்கள் கஸ்டிஸ் பேரப்பிள்ளைகளுக்குப் பங்கு போடப்பட்டார்கள். அந்தப் பட்டியலை நான் படிக்கும்போதெல்லாம் கை நடுங்குகிறது. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்கிறோம். மனிதரையும் அளந்து பங்கு போட்டிருக்கிறார்கள். ஆனாலும் இன்று அவர்களின் வழித்தோன்றல்கள் தங்கள் பாட்டியைத் தேடி வந்தால் கையில் கிடைப்பது அந்தப் பட்டியல்தான்.

செயலாளர் மணியைத் தொட்டுப் பார்க்கிறார். ஒரே ஒரு கதை சொல்ல அனுமதிக்க வேண்டும்.

மார்த்தா அம்மையாரின் உயில் இதே ஃபேர்ஃபாக்ஸ் நீதிமன்றத்தில் பதிவாயிற்று. கணவர் உயிலும் இங்கேயேதான். ஜார்ஜின் உயில் 29 பக்கம், எல்லாம் சொந்தக் கையெழுத்து, வழக்கறிஞர் ஒருவரையும் கேட்காமல் எழுதியது. உள்நாட்டுப் போர் மூண்டதும் நீதிமன்ற எழுத்தர் ஜார்ஜின் உயிலைப் பத்திரமாக ரிச்மண்டுக்குக் கொண்டுபோனார். மார்த்தாவின் உயிலை? அது இங்கேயே கிடந்தது! கணவர் உயில் ஊர் தாண்டிப் பயணம் போனது, மனைவி உயில் காகிதக் குவியலோடு விடப்பட்டது. இங்கே இருக்கும் தாய்மார்கள் சிரிக்கிறீர்கள், காரணம் உங்களுக்குத் தெரியும். 1862இல் வடக்குப் படை இந்த நீதிமன்றத்தில் இருந்தபோது ஓகையோ படை அதிகாரி ஒருவர் அந்த உயிலை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவருக்குப் பின் மகளிடம் இருந்தது. மகள் 1903இல் ஜே.பி. மார்கனுக்கு விற்றுவிட்டார். ஆமாம், பெரும் வங்கியாளரான அந்த மார்கன்தான். வர்ஜீனியா கேட்டது, உயில் வரவில்லை. மார்கன் காலமாகி மகன் தலையெடுத்தார். வர்ஜீனியா மறுபடி கேட்டது. கடைசியில் ஒரு மாநில அரசு ஒரு பாட்டியின் உயிலுக்காக நாட்டின் உச்ச நீதிமன்றத்தின் படியேறியது. 1915இல் உயில் வீடு திரும்பியது. நம் ஊரில் ஒரு மூதாட்டியின் உயில் காணாமல் போனால் எந்த அரசு படியேறும்? நாமே காப்பாற்றிக்கொண்டால்தான் உண்டு.

தேதிக் கணக்கைப் பற்றி, 1752 வரை ஆங்கிலேயருக்கு மார்ச் 25இல்தான் ஆண்டு பிறந்தது என்பதை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். நான் சொல்ல வந்தது வேறு.

என் பணிக்காலத்தில் எத்தனையோ பெண்கள் என் மேசைக்கு முன்னால் நின்று, தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திட்டுப் போனார்கள். அப்பா உயில் எழுதாமல் போய்விடுவார். காரியம் முடிந்த கையோடு அண்ணன்மார் அழைத்துவருவார்கள். 'மனப்பூர்வமாகத்தானே கொடுக்கிறீர்கள்?' என்று கேட்பேன். தலையசைப்பார்கள், கண் வேறு எங்கோ பார்க்கும். இந்து வாரிசுச் சட்டப்படி தமிழ்நாட்டில் 1989 முதல் (அன்று மணமாகியிராத மகளுக்கு), நாடு முழுவதும் 2005 முதல், பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கு இணையான பங்கு உண்டு. சட்டம் கொடுத்ததைச் சங்கடம் பறித்துக்கொண்டிருக்கிறது. தாய்ப் பத்திரத்தில் ஏறாத மகள், நாளை யாரோ வம்சாவளி எழுத உட்காரும்போது அதிலும் ஏற மாட்டாள்.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு. வீட்டிலே போடுவதை அளக்க வேண்டாமா? மகளுக்கு இவ்வளவு என்று அப்பாவே எழுதிவைத்துவிட்டால், எந்த அண்ணனும் தங்கையை அழைத்துக்கொண்டு பதிவு அலுவலகத்துக்கு வர வேண்டியதில்லை.

ஆகவே வேண்டுகோள் ஒன்று. ஊரில் நிலமோ வீடோ உள்ளவர்கள் இந்த ஆண்டே உயில் எழுதுங்கள். இந்தியச் சொத்துக்கு முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாள் போதும். சாட்சிகள் இருவர் வேண்டும். உயில் மூலம் சொத்து பெறுபவரையோ அவருடைய கணவரையோ மனைவியையோ சாட்சியாகப் போடாதீர்கள். பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் பதிவு செய்யுங்கள், அதற்குக் காலக்கெடு ஏதும் கிடையாது. மகளை 'என் மகள்' என்று மட்டும் எழுதாமல் பெயரை முழுமையாக எழுதுங்கள். இங்கே வீடு வாங்கியிருப்பவர்கள் அதற்குத் தனியாக இந்த மாநில வழக்கறிஞரைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிற்றுண்டி மேசைக்குப் பக்கத்தில் நானும் என் மகளும் உட்கார்ந்திருப்போம். பழைய பத்திர நகல் வைத்திருப்பவர்கள் கொண்டுவந்தால் கிரயம், செட்டில்மென்ட், பாகப்பிரிவினை என்று பிரித்துப் படித்துச் சொல்கிறேன். முதலில் பெரியவர்கள் வரட்டும். வணக்கம்.