சறுக்கு மேலே இருக்கிறது, சுகம் உள்ளே இருக்கிறது

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

"புதிய சொகுசுக் கப்பலில் குடும்பத்தோடு போகிறவருக்கு நிறைவு தருவது மேல்தளத்துக் கேளிக்கையா, கப்பலின் உள்ளமைப்பா?" இதுதான் இன்றைய தலைப்பு. உள்ளமைப்பே என்று பேச வந்திருக்கிறேன். உள்ளமைப்பு என்றால் கேபின், குளியலறை, நடைவழி, லிஃப்ட், பிள்ளை விளையாடும் இடத்துக்கும் கழிப்பறைக்கும் நடுவில் உள்ள தூரம், இவ்வளவும் சேர்த்துத்தான்.

எதிரணித் தலைவர் ராயல் கரீபியன் நிறுவனத்தின் 'ஐகான் ஆஃப் தி சீஸ்' கப்பலைக் கையில் எடுத்தார். பின்லாந்தின் துர்க்கு நகரில் கட்டி, 2024 ஜனவரி 27-ல் மயாமியிலிருந்து பயணிகளோடு முதன்முதலாகக் கிளம்பிய கப்பல். நீளம் சுமார் 365 மீட்டர், 20 தளம். ஆறு தண்ணீர்ச் சறுக்கு, ஏழு நீச்சல் குளம், கண்ணாடிக் கூரைக்குக் கீழே 55 அடி உயர அருவி என்று அடுக்கினார். எண்ணிக்கை அத்தனையும் சரி, ஒப்புக்கொள்கிறேன். அவருக்குப் பின்னால் வந்தவர், "கேபின் தூங்குவதற்குத்தானே, கண்ணை மூடிவிட்டால் எல்லா அறையும் ஒன்றுதான்" என்றார். நான் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

குடும்பம் என்றாலே பிள்ளைகள். மூன்று வயதுக் குழந்தை ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். இரவு எட்டரைக்குத் தூங்கினால் காலை ஆறரைக்கு எழும். பத்து மணி நேரம். மத்தியானத் தூக்கம் இரண்டு மணி நேரம். ஆக, இருபத்துநான்கில் பன்னிரண்டு மணி நேரம் அந்தப் பிள்ளை கேபினில் இருக்கும். பெற்றவர்களில் ஒருவராவது கூடவே இருந்தாக வேண்டும். ஏழு இரவுப் பயணத்தில் பாதி அந்த அறைக்குள் போகிறது. கண்ணை மூடியா போகிறது? பிள்ளைதான் கண்ணை மூடுகிறது. அம்மா விழித்திருக்கிறாள்.

இரவு ஒன்பது மணிக்கு ஒரு சாதாரண கேபினை நினைத்துப் பாருங்கள். பிள்ளை சோபா படுக்கையில் தூங்குகிறது. விளக்குப் போட முடியாது. டிவி போட முடியாது. பால்கனிக் கதவைத் திறந்தால் காற்று இரைகிறது. பெரியவர்கள் இரண்டு பேரும் கட்டிலில் உட்கார்ந்து இருட்டில் போனைப் பார்க்கிறார்கள். மேலே அருவி கொட்டிக்கொண்டிருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. அது இவர்களுக்கு என்ன செய்கிறது?

இந்த இடத்தைத்தான் ஐகானை வடிவமைத்தவர்கள் யோசித்திருக்கிறார்கள். குடும்பத்துக்கென்றே அமைத்த பால்கனி கேபின்களில் ஆறு பேர் வரை தங்கலாம். பிள்ளைகளுக்குத் தனி மாடம்போல் ஒரு மூலை, அதில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கை, அவர்களுக்கென்று டிவி. மறைப்பை இழுத்துவிட்டால் அந்தப் பக்கம் இரவு, இந்தப் பக்கம் மாலை. ஆறு சறுக்கும் செய்ய முடியாத வேலையை அந்த மறைப்பு செய்கிறது நடுவர் அவர்களே.

குளியலறைக்கு வருகிறேன். நாலு பேர். மாலை ஐந்தரை மணிக்குச் சாப்பாட்டின் முதல் பந்தி. ஆளுக்குப் பதினைந்து நிமிடம் என்றாலே ஒரு மணி நேரம். நடுவில் சின்னவன் "அம்மா, அவசரம்" என்று கதவைத் தட்டுவான். இதற்கு வழியை டிஸ்னி தன் முதல் கப்பலான 'டிஸ்னி மேஜிக்'கிலேயே, 1998-ல், கண்டுவிட்டது. குளிக்க ஒரு சின்ன அறை, கழிப்பறை தனியாக ஒரு சின்ன அறை. இடம் அதிகம் பிடிக்கவில்லை, இருந்ததைத்தான் பிரித்தார்கள். ஐகானின் குடும்பக் கேபின்களிலும் அதே பிரிப்பு. கைக்குழந்தையோடு போகிறவர்கள் குளியல் தொட்டி இருக்கிறதா, ஷவர் மட்டுமா என்று முன்பே கேட்டுவிட வேண்டும். ஷவர் மட்டும் என்றால் கையில் எடுத்து ஊற்றுகிற ஷவரா என்றும் கேட்க வேண்டும். காற்று ஊதி விரிக்கும் சிறு தொட்டி ஒன்று பெட்டியில் இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம். தண்ணீர் ஊற்றிக் கழுவிப் பழகிய நம்மவர்களுக்கு ஒரு பிளாஸ்டிக் மக் கட்டாயம், அங்கே கிடைக்காது.

அந்தக் குளியலறை வாசலைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். பெரும்பாலான கப்பல்களில் அங்கே ஒரு தூக்கலான படி இருக்கும். குளியலறையைத் தரை, சுவர், குழாயோடு ஒரே பெட்டியாகத் தொழிற்சாலையில் செய்துவிடுகிறார்கள். கப்பல் ஆடும்போது தண்ணீர் வெளியே வழியாதிருக்க அந்தப் படி. பகலில் யாரும் கவனிப்பதில்லை. இரவு இரண்டு மணிக்கு, மேல் படுக்கையிலிருந்து ஏணியில் இறங்கி வருகிற பிள்ளையின் கால் கட்டைவிரல் நேராக அங்கேதான் இடிக்கும். ஆகவே ஆறு வயதுக்குக் கீழே உள்ளவர்களை மேல் படுக்கையில் போடாதீர்கள். வாசலோரம் பேட்டரியில் எரிகிற சிறு விளக்கு ஒன்று வையுங்கள். கேபின் சுவர் அனேகமாக இரும்புத் தகடு, காந்தக் கொக்கி ஒட்டும். ஈர உடை, தொப்பி, பை எல்லாம் சுவரில் தொங்கினால் தரை காலியாகும்.

கழிப்பறை, காற்றால் உறிஞ்சும் வகை. ஒருவர் ஈரத் துடைப்பானைப் போட்டால் குழாய் அடைக்கும். ஒரே குழாயில் பல கேபின் சேர்ந்திருப்பதால் அடுத்தவருக்கும் நின்றுபோகும். கழிப்பறைக் காகிதத்தைத் தவிர வேறு எந்தப் பொருளும் உள்ளே போகக் கூடாது என்று முதல் நாளே சொல்லி வையுங்கள்.

பால்கனியைப் பற்றி எதிரணியில் பெருமையாகப் பேசினார்கள். நியாயமாகப் பேச வேண்டும் என்பதால் குறையையும் சொல்கிறேன். ஐகானின் புதுவகை 'இன்ஃபினிட் பால்கனி' வெளியே நீட்டிக்கொண்டிருப்பதில்லை. பால்கனி இடம் அறையோடு சேர்ந்துவிடுகிறது. பொத்தானை அழுத்தினால் கண்ணாடியின் மேல்பாதி கீழே இறங்கும். அறை அகலமாகத் தெரியும், மழை பெய்தாலும் உட்காரலாம். ஆனால் கண்ணாடியை இறக்கினால் ஏசி நின்றுவிடும். கரீபியன் கடலில் ஈரப்பதம் அதிகம், ஐந்து நிமிடத்தில் அறை வெந்நீர் வைத்த குளியலறை மாதிரி ஆகிவிடும். தூங்குகிற பிள்ளையை உள்ளே விட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு கடலைப் பார்க்க நினைப்பவருக்கு இது ஒத்துவராது. பழைய பால்கனிதான் சரி. போய் வந்தவர்களில் ஒரு சாரார் இதைக் கொண்டாடுவதும் மறு சாரார் முகம் சுளிப்பதும் இதனால்தான். பாருங்கள், கருத்து வேறுபாடு வருவதுகூடச் சறுக்கைப் பற்றி இல்லை, ஒரு கண்ணாடி எப்படித் திறக்கிறது என்பதைப் பற்றி!

இனி, கூட்டம். ஆளுக்கு எவ்வளவு இடம் என்று பார்க்க, கப்பலின் கிராஸ் டன்னேஜைப் பயணிகள் எண்ணிக்கையால் வகுப்பார்கள். கிராஸ் டன்னேஜ் என்பது எடை இல்லை, கப்பலுக்குள் அடைபட்ட கொள்ளளவிலிருந்து கணக்கிடும் எண். ஐகானுக்கு அது 248,663. கேபினுக்கு இரண்டு பேர் என்று வைத்தால் 5,610 பயணிகள், ஆளுக்கு 44 வருகிறது. விளம்பரத்தில் ஒப்பிடுவது அனேகமாக இந்தக் கணக்குதான். குடும்பக் கப்பலில் மூன்றாவது, நான்காவது படுக்கையும் நிரம்புமே! 7,600 பேர் ஏறினால் அதே எண் 33-க்கு வந்துவிடும். 2022-ல் வந்த 'டிஸ்னி விஷ்' கப்பல்: 144,000 டன்னேஜ், 1,254 கேபின். கேபினுக்கு இரண்டு பேர் என்றால் 57, நாலாயிரம் பேர் ஏறினால் 36. காகிதத்தில் 44-க்கும் 57-க்கும் எவ்வளவு தூரம்! பள்ளி விடுமுறையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்து வீடு. எனவே எந்தக் கப்பல் என்று பார்ப்பதற்கு முன் எந்த வாரம் என்று பாருங்கள்.

சிங்கப்பூரைத் தாய்த் துறைமுகமாகக் கொண்ட 'டிஸ்னி அட்வெஞ்சர்' கப்பலையும் சொல்ல வேண்டும். ஜெர்மனியின் விஸ்மர் கப்பல்கட்டும் தளத்தில் 'குளோபல் டிரீம்' என்ற பெயரில் வேறொரு நிறுவனத்துக்காகத் தொடங்கிய கப்பல் அது. ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகளை ஏற்றுவதாகத் திட்டம். நிறுவனம் நொடித்துப்போய், பாதியில் நின்ற கப்பலை 2022-ல் டிஸ்னி வாங்கியது. வாங்கியவர்கள் பயணிகள் எண்ணிக்கையைச் சுமார் 6,700-க்குக் குறைத்தார்கள். உடல் அதே 208,000 டன்னேஜ் அளவில் இருக்க, ஆளைக் குறைத்தார்கள். குடும்பங்களுக்காகவே கப்பல் விடுகிறவர்கள், எல்லாவற்றுக்கும் முன் நெரிசலைக் கணக்கில் எடுத்தார்கள் என்பதை எதிரணி கவனிக்க வேண்டும்.

மேல்தளத்துக்கே வருகிறேன், பயமில்லை. ஐகானின் வேகம் 22 நாட். அதாவது மணிக்குச் சுமார் 40 கிலோமீட்டர். காற்றே இல்லாத நாளிலும் கப்பல் ஓடும்போது மேலே நிற்பவர் முகத்தில் 40 கிலோமீட்டர் காற்று அடிக்கிறது. எதிர்க்காற்று 25 இருந்தால் 65. சறுக்கை மூடிவிடுவார்கள், மின்னல் கண்டாலும் மூடுவார்கள், மூடத்தான் வேண்டும். அதோடு உயர வரம்பு இருக்கிறது, சின்னப் பிள்ளை அளவுகோலுக்குக் கீழே நின்று அழும். டயப்பர் போடும் குழந்தை, நீச்சல் டயப்பரே போட்டிருந்தாலும், குளத்தில் இறங்கக் கூடாது. அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வரும் கப்பல்கள் அந்நாட்டின் சுகாதார விதிகளுக்கு உட்பட்டவை. ஒரு குழந்தை அசுத்தம் செய்துவிட்டால் குளத்தை மூடிக் கிருமிநீக்கம் செய்து முடிக்கும் வரை யாருக்கும் குளம் இல்லை. ஏழு குளம் என்றாரே, கைக்குழந்தை வைத்திருப்பவருக்கு அதில் ஒன்றுகூட இல்லை!

அப்படியானால் அந்தக் குழந்தைக்கு என்ன இருக்கிறது? சர்ஃப்சைடு இருக்கிறது. ஐகானில் எல்லோரும் மெச்சுகிற பகுதி. ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுள்ள குடும்பங்களுக்கென்று ஏழாவது தளத்தில் அமைத்தது. ராட்டினம் இருக்கிறது, தண்ணீர் பீய்ச்சும் விளையாட்டிடம் இருக்கிறது. எதிரணி இதைக் கேளிக்கைக் கணக்கில் எழுதிக்கொண்டது. நான் கேட்கிறேன், ராட்டினம் எந்தப் பொருட்காட்சியில் இல்லை? இங்கே அது ஏன் மனநிறைவைத் தருகிறது?

தூரத்தை அளந்து வைத்திருக்கிறார்கள். டயப்பர் குழந்தைகளுக்கென்று தனித் தண்ணீரிடம், அதை ஒட்டிப் பெரிய பிள்ளைகளுக்கான இடம். அதைப் பார்த்தபடி பெற்றவர்களுக்கு ஒரு குளம். நீருக்குள் இருந்துகொண்டே பிள்ளையின் மேல் கண் வைக்கலாம். சுற்றிலும் சாப்பாட்டுக் கடை. மற்றக் கப்பல்களில் ஈரப் பிள்ளையைத் துண்டில் சுற்றி, லிஃப்டுக்குக் காத்திருந்து, ஏழெட்டுத் தளம் மாறி, உணவுக்கூடத்தில் தட்டோடு இடம் தேட வேண்டும். இங்கே முப்பது நாற்பது அடி நடந்தால் தட்டு கையில். இதற்குப் பெயர் கேளிக்கை இல்லை நடுவர் அவர்களே, அமைப்பு. அதே ராட்டினத்தைப் பதினேழாம் தளத்தில் கொண்டுபோய் வையுங்கள், யார் போவார்கள்?

சர்ஃப்சைடைப் பார்த்த கேபின் எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பகல் முழுக்கப் பிள்ளைகளின் கூச்சல் கேட்கும். எதிர்வரிசைக் கேபின்காரருக்கு உங்கள் அறை தெரியும், திரையை மூடித்தான் வைக்க வேண்டிவரும். மத்தியானம் தூங்கும் குழந்தை இருந்தால் கடல் பார்த்த பக்கமே நல்லது.

லிஃப்ட் பற்றிச் சுருக்கமாக. புதிய முறையில் போகவேண்டிய தளத்தை வெளியே உள்ள திரையிலேயே தொட வேண்டும். எந்த லிஃப்டில் ஏறுவது என்று ஓர் எழுத்து காட்டும். உள்ளே போய்ப் பொத்தானைத் தேடினால் இருக்காது. ஐந்து பேரும் ஒரு குழந்தைத் தள்ளுவண்டியும் நிற்கும்போது அப்பா ஒருமுறை தொடுகிறார். எந்திரத்துக்கு அது ஒரு ஆள் போகிற கணக்கு. வருகிற லிஃப்டில் இடம் இருக்காது. துறைமுகத்தில் இறங்கும் நேரத்திலும், காட்சி முடிந்து அரங்கம் கலையும் நேரத்திலும் இது பெரிய வேதனை. பத்து நிமிடம் முன்னால் கிளம்புவதே வழி.

மணியில் நடுவர் கை வைத்துவிட்டார், முடிக்கிறேன். பதிவு செய்யும்போது தளவரைபடத்தை விரித்து, உங்கள் கேபினுக்கு நேர்மேலே என்ன, நேர்கீழே என்ன என்று இரண்டையும் பாருங்கள். மேலே குளத்தளம் என்றால் விடியற்காலையில் நாற்காலி இழுக்கும் சத்தம். கீழே அரங்கம் என்றால் இரவு பதினொன்று வரை தாளம். முன்கோடியில் கீழ்த்தளம் என்றால், கப்பல் துறைமுகம் சேரும் விடியலில் பக்கவாட்டு உந்திகளின் அதிர்வு கட்டிலையே உலுக்கும். பக்கத்து அறைக்குக் கதவு வைத்த கேபின், இரண்டு குடும்பமாகப் போகிறவர்களுக்கு வரம், மற்றவர்களுக்கு அந்தக் கதவின் இடுக்கு வழியாக அடுத்தவர் பேச்சு. குமட்டல் வருகிறவர் வீட்டில் இருந்தால் நீளவாக்கில் நடுவில், தாழ்வான தளம், ஏனென்றால் சீசா பலகைபோல் கப்பலும் நடுவில்தான் குறைவாக ஆடுகிறது. மேலும் கீழும் கேபின்களே இருக்கிற, நடுப்பகுதிக் கேபின் ஒன்று கிடைத்தால், சறுக்கைப் பற்றி யோசிக்காமல் அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

நன்றி, வணக்கம்.