காக் ரோஸுக்குக் கோபமா, களைப்பா?

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். கோலாலம்பூர் செந்தூலில் ஒரு தமிழ்ப் பாலர் பள்ளியில் ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளோடு என் நாள் போகிறது. கார்ட்டூன் பார்த்துப் பிள்ளைகள் நல்ல குணம் கற்றுக்கொள்வார்களா என்று பேச அழைத்தார்கள். எங்கள் வகுப்பில் நடந்த ஒன்றிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒருநாள் உபின் இபின் என்ற மலேசியக் கார்ட்டூனைப் போட்டேன், ஒலியை முழுதாக அணைத்துவிட்டு. அதில் வரும் அக்கா காக் ரோஸ் தம்பிகள் இருவரையும் ஏசுகிற காட்சி வந்ததும் படத்தை நிறுத்தினேன். "அக்கா முகத்தைப் பாருங்க. என்ன தெரியுது?" என்று கேட்டேன். "கோவம்!" என்று வகுப்பே கத்தியது. பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு சிறுமி மட்டும் தலையை ஆட்டினாள். "இல்ல டீச்சர். அக்காவுக்குக் களைப்பா இருக்கு. எங்கம்மாவும் வேல முடிஞ்சு வந்தா இப்படித்தான் ஏசுவாங்க."

வகுப்பு கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. அப்புறம் ஒரு பையன் சொன்னான்: "அப்ப அக்காவுக்குத் தண்ணி குடுக்கணும்."

அன்றைக்கு நான் நடத்த நினைத்த பாடம் அந்த ஒரு வாக்கியத்தில் முடிந்துவிட்டது. கோபத்துக்குப் பின்னால் இன்னொன்று இருக்கலாம் என்று கண்டுபிடித்தது அந்தச் சிறுமி. அதற்கு என்ன செய்யலாம் என்று யோசித்தது அந்தப் பையன். இதில் கார்ட்டூன் செய்தது ஒன்றுதான்: ஒரு முகத்தை அவர்கள் முன்னால் கொண்டுவந்து வைத்தது. மற்றதெல்லாம் படம் நின்ற பிறகு நடந்தது.

இதைப் புரிந்துகொள்ள எனக்கே பல வருடம் ஆனது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், நட்பைப் பற்றிய ஒரு கார்ட்டூனைத் தேடிப் பிடித்துப் போட்டேன். இரண்டு நண்பர்கள் சண்டை போட்டுப் பேசாமல் இருந்து, கடைசியில் கட்டிப்பிடித்துச் சேர்ந்துகொள்வார்கள். நல்ல படம், நல்ல முடிவு. மறுநாள் விளையாட்டு நேரத்தில் பிள்ளைகள் வாயில் என்ன வந்தது தெரியுமா? "நான் உன்கூடச் சேரமாட்டேன், போ." படத்தில் வந்த அதே வசனம், அதே முகச்சுளிப்பு. கட்டிப்பிடித்ததை யாருமே எடுத்துக்கொள்ளவில்லை. அன்று ஒரு பெண்பிள்ளை அழுதுகொண்டே வீட்டுக்குப் போனாள். அந்த அழுகைக்கு நானும் ஒரு காரணம் என்று இன்றைக்கும் எனக்கு வருத்தம் உண்டு.

பிறகுதான் ஆராய்ச்சிகளைத் தேடிப் படித்தேன். 2006-இல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வு, நல்லது சொல்லும் நிகழ்ச்சிகளைப் பார்த்த சின்னப் பிள்ளைகளிடமும் ஒதுக்கிவைப்பது, சேர்க்கமாட்டேன் என்று சொல்வது போன்ற நடத்தை கூடியிருந்ததைக் கண்டது. காரணத்தை யோசித்துப் பாருங்கள். பத்து நிமிடக் கதையில் எட்டு நிமிடம் சண்டை, கடைசியில்தான் சமாதானம். பிள்ளை எட்டு நிமிடத்தைப் பார்த்துப் பழகுகிறது.

2008-இல் வந்த இன்னொன்றை நான் எல்லாப் பெற்றோரிடமும் சொல்வேன். கிளிஃபோர்ட் என்ற பெரிய சிவப்பு நாயின் கார்ட்டூன் உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். அதில் ஒரு கதையில் மூன்று கால் நாய் ஒன்று வருகிறது. உடற்குறை உள்ளவர்களை ஒதுக்கக் கூடாது என்பது கதையின் கருத்து. அதைப் பாலர் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டி, என்ன கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டபோது, மூன்று கால் நாயிடம் அன்பாக இருக்க வேண்டும் என்ற அளவிலேயே பலர் நின்றுவிட்டார்கள். நாயிலிருந்து மனிதனுக்கு வரவில்லை. நமக்குப் பளிச்சென்று தெரிகிற கருத்து ஐந்து வயதுக்குத் தெரியாது. அந்தப் பாலத்தை நாம்தான் போட வேண்டும்.

போட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஓர் ஆய்வு இருக்கிறது. டேனியல் என்ற குட்டிப் புலி வரும் அமெரிக்கக் கார்ட்டூன், உணர்ச்சிகளைக் கையாளச் சொல்லித் தருவதற்காகவே 2012-இல் தொடங்கிய தொடர். அதைப் பார்த்த இரண்டு முதல் ஆறு வயதுப் பிள்ளைகளைப் பற்றி 2016-இல் டெக்சஸில் இருந்து ஓர் ஆய்வு வந்தது. அடுத்தவர் மனத்தை உணர்வதில் அந்தப் பிள்ளைகள் முன்னேறியிருந்தார்கள். ஆனால் எந்த வீட்டில்? டிவியில் பார்ப்பதைப் பற்றிப் பெற்றோர் வழக்கமாகப் பேசுகிற வீட்டில். பேச்சில்லாத வீட்டில் அதே புலிக்குட்டியால் அந்தப் பலன் வரவில்லை.

ஆகவே பெற்றோரே, நல்ல கார்ட்டூனாகத் தேர்ந்தெடுத்துப் போட்டுவிட்டோம், நம் வேலை முடிந்தது என்று எழுந்து போய்விடாதீர்கள். உங்கள் நிலைமை எனக்குத் தெரியும். இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீடு. இருட்டியபின் வந்து சமைக்க வேண்டும், துணி துவைக்க வேண்டும். ரொட்டி சானாய்க் கடையில் கைப்பேசியைக் குவளையில் சாய்த்து வைத்தால்தான் பிள்ளை இரண்டு வாய் சாப்பிடுகிறது. உங்களைக் குறைசொல்ல நான் இங்கே வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு கதை, பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து, அது போதும். பாட்டி தாத்தா வீட்டில் இருந்தால் இன்னும் நல்லது. அவர்களுக்கு நிதானமாகக் கேட்கத் தெரியும்.

எங்கே நிறுத்துவது என்று பலரும் கேட்கிறார்கள். முடிவில் கேட்காதீர்கள். சண்டை நடுவில் நிறுத்துங்கள். அழுகிற முகத்தில், கதவைச் சாத்துகிற கையில் நிறுத்துங்கள். "இவனுக்கு இப்ப எப்படி இருக்கும்? உனக்கு எப்பவாவது இப்படி இருந்திருக்கா?" இரண்டாவது கேள்விதான் முக்கியம். நாயிலிருந்து மனிதனுக்கு வருகிற பாலம் அதுதான். பிள்ளை பதில் சொல்லாமல் இருந்தால் விட்டுவிடுங்கள். இரவு தூங்கப் போகும்போது தானாக வந்து சொல்லும்.

உபின் இபின் இதற்கு ஏற்ற தொடர் என்று நான் நினைக்கக் காரணம் உண்டு. 2007-இல் நோன்பு மாதத்துக்காகத் தொடங்கிய தொடர் அது. அம்மா அப்பா இல்லாத இரட்டைப் பிள்ளைகள். பாட்டி ஓப்பாவும் அக்கா காக் ரோஸும் வளர்க்கிறார்கள். சீனப் பிள்ளை மெய் மெய், பஞ்சாபிப் பிள்ளை ஜர்ஜித், மாடு வளர்க்கிற நம் ராஜு, எல்லாரும் அதே கம்பத்தில், அதாவது கிராமத்தில். செந்தூலில் நம் பிள்ளை அடுக்குமாடியில் பார்க்கிற அதே அண்டைவீட்டார். எங்கள் வகுப்பில் அப்பாவை இழந்த ஒரு பிள்ளை, "உபினுக்கும் அப்பா இல்ல" என்று எல்லார் முன்னாலும் முதல்முறையாகச் சொன்னது இந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான்.

ஆனால் ஒன்று. நம் பிள்ளைகள் பார்ப்பது பெரும்பாலும் மலாயில் அல்லது ஆங்கிலத்தில். அதனால் மனத்தில் இருப்பதைச் சொல்லவும் 'சேட்', 'ஆங்ரி', மலாயில் சோகத்துக்கு 'செடே' என்று மூன்று சொல்லோடு நின்றுவிடுகிறார்கள். ஏக்கம், கூச்சம், பொறாமை, ஏமாற்றம், ரோஷம், மனத்தாங்கல் என்று நம்மிடம் எத்தனை சொற்கள்! மனத்தின் உணர்ச்சி வெளியே தெரிவதை மெய்ப்பாடு என்று சொல்லி, அது எட்டு என்றார் தொல்காப்பியர். நகை என்ற சிரிப்பு, அழுகை, இளிவரல் என்ற இழிவுணர்வு, மருட்கை என்ற வியப்பு, அச்சம், பெருமிதம், வெகுளி என்ற கோபம், உவகை என்ற மகிழ்ச்சி. எட்டோடு நிற்கவில்லை. ஒவ்வொன்றும் எதனால் பிறக்கிறது என்று நான்கு நான்கு காரணமும் சொன்னார். அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை. அதாவது பிறர் இழிவுபடுத்துவது, இழப்பது, நிலைகுலைவது, இல்லாமை. அழுகிற பிள்ளையிடம் "ஏன் அழுற?" என்று அதட்டுகிறோமே, அந்தக் கேள்விக்கு நான்கு கதவு திறந்து வைத்திருக்கிறது நம் இலக்கணம். "யாராவது கேலி பண்ணாங்களா? எதையாவது தொலைச்சிட்டியா?" என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளை பதில் சொல்லும்.

வேகமான கார்ட்டூன்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2011-இல் நான்கு வயதுப் பிள்ளைகள் 60 பேரை மூன்றாகப் பிரித்துச் சோதித்தார்கள். விறுவிறுவென்று காட்சி மாறுகிற கார்ட்டூனை ஒன்பதே நிமிடம் பார்த்த பிள்ளைகள், அதற்கடுத்த வேலைகளில் கவனத்தையும் பொறுமையையும் பிடித்து வைக்கத் திணறினார்கள். மெதுவான நிகழ்ச்சி பார்த்தவர்களும், வெறுமனே படம் வரைந்தவர்களும் நன்றாகச் செய்தார்கள். இரண்டு முதல் நான்கு வயதுக்குத் திரை ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம்.

படம் வரைந்தவர்கள் என்றேன் அல்லவா? கார்ட்டூன் என்றால் டிவி மட்டும் இல்லை. ஒரு தாளும் பென்சிலும் போதும். கேரல் கிரே என்ற அமெரிக்க ஆசிரியை 1994-இல் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்காக ஒரு முறையை எழுதினார். குச்சி மனிதர்களை வரைந்து, யார் என்ன பேசினார், மனத்தில் என்ன நினைத்தார் என்று தனித்தனிக் குமிழில் எழுதுவது. நான் அதை எல்லாப் பிள்ளைகளுக்கும் பயன்படுத்துகிறேன்.

போன பள்ளித் தவணையில் ஒரு பையன் நண்பனைத் தள்ளிவிட்டான். முழங்கால் சிராய்ந்துவிட்டது. "ஏன் தள்ளுன?" என்றால் வாயே திறக்கவில்லை. தாளில் மூன்று கட்டம் போட்டு இரண்டு குச்சி மனிதர்களை வரைந்து பென்சிலை அவன் கையில் கொடுத்தேன். பேச்சுக் குமிழை விட்டுவிட்டு நேரே நினைப்புக் குமிழுக்குப் போனான். எழுதத் தெரியாது. அதனால் வட்டமாக நான்கைந்து குச்சி மனிதர்களை வரைந்தான். வட்டத்துக்கு வெளியே, தள்ளி, ஒரு மூலையில் ஒருவன்.

"இது யாரு?" என்றேன்.

"நான்தான் டீச்சர். வெளாட கூப்பிடல."

முழங்காலில் பிளாஸ்டர் ஒட்டிய பையன் அதுவரை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். பென்சிலை வாங்கினான். மூலையில் நின்ற குச்சி மனிதனிலிருந்து வட்டம் வரை ஒரு கோடு இழுத்தான்.