புகைப்படத்தில் காணாமல்போன கணக்கர்

(திரையில்: பழைய அலுவலகக் குழுப் படம், கறுப்பு வெள்ளை)

லிஸ்பன் நகரில் ஒரு துணி வியாபாரக் கம்பெனி. ஊழியர்கள் எல்லோரையும் நிற்கவைத்துப் படம் எடுக்கிறார்கள். படம் வந்ததும் துணைக் கணக்கர் பெர்னார்டோ சுவாரஸ் முதலில் தேடுவது தன் முகத்தை. பார்த்ததும் உள்ளம் சுருங்கிப்போகிறது. முதலாளி வாஸ்கெஸ் வாஸ்கெஸாகவே இருக்கிறார். தலைமைக் கணக்கர் மொரெய்ராவும் அப்படியே. சுவாரஸின் முகத்தில் மட்டும் யாருமே இல்லை. அந்த நேரம் பார்த்து மொரெய்ரா, 'நீங்கள் நன்றாக வந்திருக்கிறீர்கள், அசல் உங்கள் முகமேதான்' என்கிற மாதிரி சொல்லி வைக்கிறார்!

போர்ச்சுகீசிய எழுத்தாளர் பெர்னாண்டோ பெசோவாவின் 'அமைதியின்மையின் புத்தகம்' நூலில் வரும் இடம் இது. சுவாரஸுக்கு அலுவலகம் டோராடோரஸ் தெருவில். வாடகை அறையும் அதே தெருவில், நான்காம் மாடியில். பகலில் பேரேடு, இரவில் குறிப்புகள். கதை என்று வேறொன்றும் நடப்பதில்லை. அவருடைய தனிமை ஆளில்லாத இடத்துத் தனிமை அல்ல. தினமும் வணக்கம் சொல்லும் மனிதர்களுக்கு நடுவே, 'இவர்கள் பார்க்கும் அந்த நான் யார்?' என்று குடையும் தனிமை.

(திரையில்: திறந்த மரப்பெட்டி, தாள்கள்)

பெசோவா பல கற்பனைக் கவிஞர்களைப் படைத்தவர். ஆளுக்கொரு வாழ்க்கை, ஆளுக்கொரு நடை. ஆனால் சுவாரஸைத் தன்னிலிருந்து முழுக்கப் பிரித்து நிறுத்த அவரால் முடியவில்லை. தன்னிடமிருந்து தர்க்கத்தையும் பாசத்தையும் கழித்தால் மிஞ்சுவது சுவாரஸ்தான் என்று 1935-இல் ஒரு கடிதத்தில் எழுதினார். அதே ஆண்டு நவம்பர் 30 அன்று, 47 வயதில் இறந்தார். அவர் விட்டுப்போன பெட்டியில் 25,000-க்கும் மேற்பட்ட தாள்கள். அவற்றிலிருந்து பொறுக்கிச் சேர்த்து இந்த நூல் வெளிவந்தது 1982-இல். அவர் வாழ்ந்தது எத்தனை ஆண்டோ, அத்தனை ஆண்டு அதுவும் காத்துக் கிடந்திருக்கிறது.

எந்தத் துண்டுக்குப் பின் எது என்று பெசோவா முடிவு செய்யவே இல்லை. அதனால் பதிப்புக்குப் பதிப்பு வரிசை மாறும். 1913-ஐ ஒட்டி எழுதிய பகுதிகள் கனவு மொழியிலேயே மிதக்கின்றன. உண்மையைச் சொன்னால், எனக்கு அவை அலுத்துவிட்டன. 1929-க்குப் பிறகு பேரேடும் தெருவும் மழையும் உள்ளே வரும்போதுதான் பக்கங்கள் மூச்சுவிடுகின்றன.

ஆகவே முதல் பக்கத்தில் தொடங்க வேண்டாம். அந்தப் புகைப்படப் பகுதியைத் தேடிப்பிடித்து அங்கிருந்து படியுங்கள். ஒரு நாளைக்கு ஒரு துண்டு போதும்.

(திரையில்: நான்காம் மாடி ஜன்னல், எரியும் விளக்கு)