வெள்ளிக் கடற்கரையில் திரும்பிய ஒரு விளக்கு

வணக்கம் நண்பர்களே. கடலூர் தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையில் கடலைப் பார்த்து எரிந்து, கடலாமைக் குஞ்சுகளை வழிதவற வைக்கும் வெள்ளை விளக்குகளைப் பற்றிச் சென்ற வீடியோவில் நான் எவ்வளவு கொதித்துப் பேசினேன் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். அதைப் பார்த்த பஜ்ஜிக்கடை அக்கா ஒருவர், நேற்று மாலை தம் கடை விளக்கைத் தாமே சாலைப் பக்கம் திருப்பி, கடல் பக்கத்தில் ஒரு பழைய தகரத்தையும் கட்டி மறைத்துவிட்டார். அந்த மகிழ்ச்சியில்தான் இன்றே கேமராவை எடுத்துவிட்டேன்.

மணலுக்குள்ளிருந்து வெளிவரும் பங்குனி ஆமைக் (ஆலிவ் ரிட்லி என்ற கடலாமை) குஞ்சு, எந்தத் திசையில் வெளிச்சம் அதிகமோ அந்தத் திசையில் நகரும். இருண்ட கரையில் அந்த வெளிச்சம் கடலின் மேல் இருக்கும். நம் கரையிலோ கடைகளும் சாலையும் அதைவிடப் பிரகாசமாக இருப்பதால், குஞ்சு கடலுக்கு முதுகைக் காட்டி நடந்து, நாய்க்கும் காக்கைக்கும் இரையாகிறது அல்லது விடிந்தபின் வெயிலில் காய்ந்துபோகிறது. தாய் ஆமை ஒரு குழியில் நூறுக்கு மேற்பட்ட முட்டைகளை இட்டு, அவை 45 முதல் 60 நாள்கள் மணற்சூட்டில் இருந்து பொரிந்த பிறகு, ஒரு குழல்விளக்கால் எல்லாம் வீணாவதை என்னால் பொறுக்க முடியவில்லை.

முட்டையிட வரும் ஆமைகளைத் தேடிக் கரையோரம் செல்லும் இரவு நடைக்கு, டார்ச்சின் மேல் சுற்றச் சிவப்புக் கண்ணாடித்தாள் தேவைப்பட்டது. மஞ்சக்குப்பத்தில் மூன்று கடைகளில் இல்லை. நான்காவது கடையில் முழுக்கட்டாகத்தான் தருவோம், 180 ரூபாய் என்றார்கள். எனக்குத் தேவை ஒரே ஒரு தாள். கால் மணி நேரம் பேசியும் அவர்கள் இறங்கி வரவில்லை. கடைசியில் திருப்பாதிரிப்புலியூரில், பரிசுப் பொருள் கட்டித்தரும் சிறிய கடையில் பத்தே ரூபாய்க்கு ஒரு தாள் கிடைத்தது! அதை இரண்டாக மடித்து ரப்பர் வளையம் போட்டால் போதும். வெள்ளை ஒளி பட்டால் முட்டையிட வரும் ஆமை திரும்பிக் கடலுக்கே போய்விடக்கூடும், மங்கிய சிவப்பு ஒளி அவ்வளவாகத் தொந்தரவு செய்வதில்லை.

முதலிலேயே சொல்லியிருக்க வேண்டியதை மறந்துவிட்டேன். வனத்துறையின் அனுமதியோடு, அவர்களுடன் மட்டுமே இந்த நடைக்குச் செல்லுங்கள். மணலில் டிராக்டர் சக்கரம் போன தடம்போல் தெரிந்தால், அது ஆமை வந்துபோன தடமாக இருக்கலாம். தோண்டாமல், யாரையும் மிதிக்கவிடாமல், அவர்களுக்குத் தகவல் சொல்லுங்கள். முட்டையை உருட்டினால் உள்ளிருக்கும் கரு சிதைந்துவிடக்கூடும். பங்குனி ஆமை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது மிக உயர்ந்த பாதுகாப்புப் பட்டியலில், உள்ள உயிர்.

குஞ்சைக் கையில் தூக்கிப் படம் எடுப்பவர்களை எனக்கு அறவே பிடிக்காது. மணலில் அது தானாக நடந்தே கடலில் இறங்க வேண்டும். உதவுவதாக நினைத்து அலையில் வீசவும் வேண்டாம்.

அக்காவின் பக்கத்துக் கடையில் கடலைப் பார்த்தபடி இன்னும் மூன்று விளக்குகள் எரிகின்றன. அவர்களிடம் தாமே பேசுவதாக அக்கா சொல்லியிருக்கிறார். இன்று இரவு நானும் உடன் போகிறேன்.