பிளேடு அதிர்ந்தால் ஷாஃப்டுக்குத் தெரியுமா?

வணக்கம். ரோட்டார் என்றால் சுழலும் பாகம்: நடுவில் ஷாஃப்ட் என்கிற தண்டு, அதைச் சுற்றி பிளேடு என்கிற இறக்கைகள். அதன் வடிவமைப்பில் பிளேடை ஒருவர் கணக்கிடுவார், ஷாஃப்டை இன்னொருவர் கணக்கிடுவார். பிளேடு பார்ப்பவருக்கு அதன் அடிப்பகுதி அசையாத இடம். ஷாஃப்ட் பார்ப்பவருக்கு எல்லா பிளேடுகளும் சேர்ந்து ஒரே கெட்டியான வட்டு. ஷாஃப்ட் நன்றாக வளையக்கூடியது என்றால் இந்தப் பாகப்பிரிவினை செல்லாது.

வளையும் ஷாஃப்ட் என்றாலே பயப்பட வேண்டாம். கிரிட்டிக்கல் வேகத்தை, அதாவது சுழற்சி ஷாஃப்டின் சொந்த வளைவு அதிர்வெண்ணோடு ஒத்துப்போகும் வேகத்தை, தாண்டி ஷாஃப்ட் நிலையாக ஓடாது என்று 1869-இல் பொறியாளர் ராங்கின் எழுதினார். பிறகு ஸ்வீடன் பொறியாளர் டி லாவல் தன் நீராவி டர்பைனில் வேண்டுமென்றே மெல்லிய ஷாஃப்டைப் போட்டு, தாண்டி ஓட்டியே காட்டினார்.

சரி, பிளேடுகளுக்கு வருவோம். ஒரே மாதிரியான பிளேடுகள் வட்டமாக நிற்கின்றன. எல்லாம் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் ஆடினால் ஷாஃப்ட் முறுக்கப்படும், அல்லது நீளவாக்கில் தள்ளப்படும். ஒரு பாதி ஒரு பக்கமும் எதிர்ப்பாதி மறுபக்கமும் ஆடினால் ஷாஃப்ட் வளையும். இந்த ஆட்டம் ஒரு அலைபோல வட்டத்தைச் சுற்றி இரண்டு முறையோ அதற்கு மேலோ வந்தால், விசைகள் ஒன்றையொன்று ரத்து செய்துவிடும். ஷாஃப்டுக்கு எதுவுமே தெரியாது. இது எனக்கு மிகவும் கவலை தருகிற விஷயம். ஷாஃப்டைத் தாங்கும் பேரிங்கில் சென்சார் வைத்து, அளவு அமைதியாக இருக்கிறதே என்று நிம்மதியாக இருப்போம், மேலே பிளேடுகள் களைத்து விரிசல் விட்டுக்கொண்டிருக்கலாம். பிளேடு நிறைய உள்ள டர்பைனில் பிளேடு நுனி கடக்கும் நேரத்தைத் தனியாக அளப்பது அதனால்தான். மூன்று பிளேடு ரோட்டாரில் இப்படி ஒளிந்துகொள்ள இடமில்லை. எந்த ஆட்டமும் ஷாஃப்டுக்கு வந்தே தீரும்.

அடுத்தது அதிர்வெண். ஷாஃப்ட் நிமிடத்துக்கு 3000 சுற்று, அதாவது 50 ஹெர்ட்ஸ். சுழலும்போது பிளேடின் அதிர்வெண் 90 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம் (மையவிலக்கு விசை இழுத்து விறைப்பாக்குவதால், நின்றிருக்கும்போது இதைவிடக் குறைவாக இருந்திருக்கும்). ஷாஃப்டை வளைக்கிற ஆட்டம் என்றால், வெளியே நிற்கும் சென்சாருக்கு இந்த 90 தெரியாது. 40-உம் 140-உம்தான் தெரியும்: வேகத்தைக் கழித்தது ஒன்று, கூட்டியது ஒன்று. ஷாஃப்டின் வளைவு அதிர்வெண் 40-க்குப் பக்கத்தில் இருந்தால் இரண்டும் கைகோத்துக்கொள்ளும். தனித்தனியாகப் போட்ட கணக்கில் வந்த எண்கள் இரண்டுமே இடம் மாறிவிடும்.

இங்கே ஒரு முக்கியமான பிரிவு இருக்கிறது. பிளேடின் அதிர்வெண் சுழற்சியைவிட அதிகமாக இருக்கும்வரை, இந்தக் கூட்டணி எண்களை நகர்த்துவதோடு நின்றுவிடும். குறைவாக இருந்தால்தான் ஆபத்து. அப்போது சுழற்சியிலிருந்து பிளேடைக் கழித்தால் வரும் எண், தாங்கியிருக்கும் அமைப்பின் அதிர்வெண்ணோடு சேரும்போது, ஆட்டம் சுழற்சியிலிருந்தே ஆற்றலை உறிஞ்சித் தானாக வளரும். வெளியிலிருந்து யாரும் தட்ட வேண்டியதில்லை, சமநிலைப் பிழையும் தேவையில்லை. பேலன்சிங் செய்து இதைத் தீர்க்கவும் முடியாது.

ஹெலிகாப்டர் தரையில் நிற்கும்போது வரும் 'கிரவுண்ட் ரெசொனன்ஸ்' இதேதான். பிளேடுகள் கீலில் முன்னும் பின்னும் ஆடும், உடல் சக்கரத்தின் மேல் தள்ளாடும். சில விநாடிகளில் ஹெலிகாப்டரே உடைந்துபோகலாம். நாசாவுக்கு முன்னோடியான அமைப்பில் ராபர்ட் கோல்மன் 1940-களில் இதன் கணக்கைத் தெளிவாக எழுதிவைத்தார்.

இரண்டு பிளேடு ரோட்டார் தனிக் கதை. அதன் சடத்துவம் திசைக்குத் திசை மாறுவதால் சமன்பாடே காலத்தோடு மாறிக்கொண்டிருக்கும். அதற்கு வேறு முறை வேண்டும்.

அப்புறம் டேம்பர், அதாவது ஆட்டத்தைத் தணிக்கும் கருவி. பிளேடு கீலில் மட்டும் பெரிய டேம்பரைப் போட்டுவிட்டு, கீழே சக்கரக் காலில் தணிப்பே இல்லாமல் விட்டால், தானாக வளரும் ஆட்டம் தீராது. ஆட்டம் தானாக வளரும் வேக வரம்பை முழுதாக ஒழிக்க இரண்டு தணிப்புகளின் பெருக்கல் தொகை ஒரு அளவுக்கு மேல் இருக்க வேண்டும். ஒன்று பூஜ்யம் என்றால் பெருக்கலும் பூஜ்யம்தான். அதனால் பராமரிப்பில் இருப்பவர்களே, பிளேடு டேம்பரைப் பார்க்கும் அதே கவனத்தோடு சக்கரக் காலின் ஆயில் அளவையும் டயர் காற்றையும் பாருங்கள்.