ஆர்ச் லினக்ஸ கையாலயே ஏத்துவம்: இப்ப எந்த சிஸ்டத்துக்குள்ள நிக்கிறீங்க?

எல்லாருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும். மட்டக்களப்பில இருந்து பேசுறன். இண்டைக்கு ஆர்ச் லினக்ஸ, அதாவது விண்டோஸ் மாதிரி லேப்டாப்ப ஓட்டுற ஒரு சிஸ்டத்த, இன்ஸ்டாலர் உதவி இல்லாம, கட்டளை ஒவ்வொண்டா அடிச்சு ஒரு லேப்டாப்பில ஏத்தப் போறம். ஆர்ச்ச எழுதின பென் டிரைவுக்குள்ளயே 'ஆர்ச்இன்ஸ்டால்' எண்டு ஒரு புரோகிராம் இருக்கு, கேள்வி கேட்டுக் கேட்டுப் போட்டுத் தரும். அத இண்டைக்குத் தொட மாட்டம். கட்டளைகள நான் வாயால சொல்றன். எழுத்துக்கு எழுத்து ஸ்கிரீனில கீழ வரும், அதப் பார்த்து அடிங்க.

துவங்க முதல் ஒரு விஷயம். இந்த வேலை நடக்கக்குள்ள உங்கட லேப்டாப்பில ரெண்டு லினக்ஸ் இருக்கு. ஒண்டு பென்னில இருந்து எழும்பி ரேமில ஓடுறது. மற்றது டிஸ்கில நீங்க கட்டிக்கொண்டிருக்கிறது. 'எல்லாம் சரியாத்தான் செஞ்சன், ரீபூட் பண்ணினா வைஃபை இல்ல, பூட் ஆகுதில்ல' எண்டு வாற பிரச்சினையள் கூடுதலா இந்த ரெண்டையும் குழப்பிக்கொண்டதால வாறதுதான். அதால ஒவ்வொரு இடத்திலயும் நான் கேப்பன்: இப்ப எதுக்குள்ள நிக்கிறீங்க?

சரி, பென். 4 ஜீபி பென் ஒண்டு போதும். ஐஎஸ்ஓ எண்டா பென்னில எழுதுற ஆர்ச் ஃபைல், ஒரு ஜீபிக்குக் கொஞ்சம் கூட. மாசத்துக்கு ஒரு புதுசு வரும், புதுச எடுங்க. போன வருசம் எடுத்து வச்சத வச்சுக்கொண்டு வராதீங்க, ஏன் எண்டு பிறகு சொல்றன். விண்டோஸில ரூஃபஸ் வச்சு எழுதுறீங்க எண்டா, ஐஎஸ்ஓ மோடா டிடி மோடா எண்டு கேக்கும், டிடிய எடுங்க. பயாஸுக்குள்ள, அதாவது லேப்டாப் ஒன் ஆகக்குள்ள திறக்கிற செட்டிங்குக்குள்ள போய், கையெழுத்து இல்லாத சிஸ்டத்த எழும்ப விடாத செக்கியூர் பூட்ட நிப்பாட்டோணும். லேப்டாப்பில விண்டோஸ் இருந்து பிட்லாக்கர், அதாவது டிஸ்கப் பூட்டி வைக்கிற வசதி, போட்டிருந்தா, செக்கியூர் பூட்டத் தொட முதல் ரிக்கவரி கீய எழுதி எடுத்து வைங்க. தொட்ட பிறகு விண்டோஸ் அந்தக் கீயக் கேட்டு நிக்கும்.

பென்னில இருந்து பூட் ஆனதும் ஒரு கறுப்பு ஸ்கிரீன் வரும். 'ரூட் அட் ஆர்ச்ஐஎஸ்ஓ', அதில ரூட், அதாவது அட்மின் யூசர், சிவப்பு நிறம். இந்தச் சிவப்ப ஞாபகம் வைங்க. இது பென் சிஸ்டம்.

முதல் வேலை, யூஇஎஃப்ஐயில, அதாவது பயாஸுக்குப் பிறகு வந்த புது பூட் முறையில, எழும்பினதா எண்டு பார்க்கிறது. ஸ்கிரீனில இருக்கிற 'கேட்' கட்டளைக்கு 64 எண்டு பதில் வந்தா சரி. ஃபைல் இல்ல எண்டு சொன்னா பழைய பயாஸ் முறையில எழும்பியிருக்கு. திரும்பப் போய் பூட் மெனுவில யூஇஎஃப்ஐ எண்டு போட்டிருக்கிற பென்னத் தெரியுங்க. இதப் பார்க்காமப் போனா கடைசியில கிரப், அதாவது லினக்ஸ எழுப்புற பூட் மெனு, போடக்குள்ளதான் பிழைக்கும், அதுவரைக்கும் செஞ்சத எல்லாம் திரும்பப் பார்க்கோணும்.

இன்டர்நெட். வைஃபை எண்டா 'ஐடபிள்யூசிடிஎல்'. உள்ளுக்குப் போய் ஸ்டேஷன், டபிள்யூலேன்0, கனெக்ட், மறுகா உங்கட வைஃபை பேர். பாஸ்வேர்ட் கேக்கும். கார்டையே காட்டுதில்ல எண்டா 'ஆர்எஃப்கில்' அடிச்சுப் பாருங்க, பிளாக் ஆகி இருக்கும். அதுக்கும் சரிவரல்லயா? போனக் கேபிளில குத்தி யூஎஸ்பி டெதரிங்க ஒன் பண்ணுங்க. கூடுதலா ஒண்டும் செய்யாமலே நெட் வந்திரும். இஞ்ச ரவுட்டர் இல்லாம போன் டேட்டாவிலயே எல்லாம் செய்ற ஆக்களுக்கு இதுதான் லேசான வழி. பேக்கேஜில பகல் டேட்டா, நைட் டேட்டா எண்டு பிரிஞ்சிருந்தா டவுன்லோட் பண்ற வேலைய 12 மணிக்குப் பிறகு வைங்க. அடிப்படை சிஸ்டத்துக்கு ஒரு ஜீபி ஒதுக்கினாப் போதும், டெஸ்க்டாப் வேற கணக்கு.

நேரத்தையும் பாருங்க, 'டைம்டேட்சிடிஎல்'. செகண்ட் ஹேண்ட் லேப்டாப்புகள்ள உள்ளுக்கு இருக்கிற சின்ன பட்டன் பேட்டரி செத்திருக்கும். திகதி பல வருசம் பின்னால நிக்கும். அப்படி நிண்டா பேக்கேஜ் கையெழுத்துச் சரிபார்க்கிறது பிழைக்கும். 'கரப்ட் பேக்கேஜ்' எண்டு சொல்லும், ஆனா பேக்கேஜில ஒரு பிழையும் இல்ல. பழைய ஐஎஸ்ஓவிலயும் இதே செய்திதான் வரும், அதில இருக்கிற சாவிகள் பழசானதால. நெட் வந்தா நேரம் தானாச் சரியாகும். அதுக்குப் பிறகும் அந்தப் பிழை வந்தா 'ஆர்ச்லினக்ஸ் கீரிங்க' மட்டும் முதல்ல புதுப்பிச்சுப் போட்டுத் தொடருங்க.

இனி டிஸ்க். இஞ்சதான் கை நிதானம் வேணும். 'எல்எஸ்பிஎல்கே' அடிங்க, டிஸ்குகளின்ட பட்டியல் வரும். எஸ்டிஏ எண்டா எப்பவும் உள் டிஸ்க்தான் எண்டு நினைக்க வேணாம், பென்னும் எஸ்டிஏ எண்டு வரலாம். சைஸப் பார்த்துத்தான் தெரியோணும். என்விஎம்இ டிஸ்க் எண்டா பேர் நீளமா இருக்கும், பார்ட்டிஷன் நம்பருக்கு முன்னால ஒரு 'பி' வரும். 'சிஎஃப்டிஸ்க்' திறந்து, டிஸ்க் பிரிக்கிற முறைக்கு ஜிபிடி, மறுகா மூண்டு துண்டு: பூட் ஃபைல்கள் இருக்கிற ஈஎஃப்ஐக்கு 1 ஜீபி, ரேம் காணாட்டிப் பாவிக்கிற ஸ்வாப்புக்கு 4 ஜீபி, மிச்சமெல்லாம் சிஸ்டம் இருக்கப் போற ரூட். டைப் மாத்த மறக்காதீங்க, 'ரைட்' குடுத்து யெஸ் எண்டு முழுசா அடிச்சாத்தான் எழுதும். ஈஎஃப்ஐய ஃபேட்32ஆ, ரூட்ட ஈஎக்ஸ்டி4ஆ ஃபார்மட் பண்ணுங்க. ஸ்வாப்புக்கு 'எம்கேஸ்வாப்'.

விண்டோஸயும் வச்சுக்கொண்டு போடுற ஆக்கள் இதக் கவனமாக் கேளுங்க. விண்டோஸின்ட ஈஎஃப்ஐ பார்ட்டிஷன் ஏற்கனவே இருக்கு. அத ஃபார்மட் பண்ணவே வேணாம், பண்ணினா விண்டோஸ் எழும்பாது. அது கூடுதலா 100 எம்பிதான் இருக்கும், லினக்ஸ் கேர்னல, அதாவது லினக்ஸின்ட மையப் பகுதிய, வைக்க இடம் காணாது. அதால அத 'ஸ்லாஷ் பூட்' ஃபோல்டரில மவுண்ட் பண்ணாம, அதாவது இணைக்காம, 'ஸ்லாஷ் ஈஎஃப்ஐ'யில மவுண்ட் பண்ணுங்க. கேர்னல் ரூட்டுக்குள்ளயே இருக்கட்டும், கிரப் அத வாசிக்கும்.

மவுண்ட் பண்ற ஒழுங்கு: முதல்ல ரூட், 'ஸ்லாஷ் எம்என்டி'யில. அதுக்குப் பிறகுதான் ஈஎஃப்ஐ, அதுக்குள்ள இருக்கிற பூட்டில, விண்டோஸ் வச்சிருக்கிற ஆக்கள் எண்டா அதுக்குள்ள இருக்கிற ஈஎஃப்ஐ ஃபோல்டரில. ஒழுங்கு மாறினா, பிறகு வாற ரூட் முதல் போட்ட பூட்ட மூடிப்போடும். ஈஎஃப்ஐய மவுண்ட் பண்ண மறந்திட்டு அடுத்த படிக்குப் போறதும் நடக்கிற பிழைதான். கேர்னல் ரூட்டுக்குள்ள இருக்கிற பூட் ஃபோல்டரில போய் இருக்கும், பிறகு அதுக்கு மேல ஈஎஃப்ஐய மவுண்ட் பண்ணினா கேர்னல் கண்ணுக்குத் தெரியாது. கடைசியா 'ஸ்வாப்ஒன்'. திரும்ப ஒருக்கா எல்எஸ்பிஎல்கே அடிச்சு, மவுண்ட் பொயிண்டுகள் வலப்பக்கத்தில தெரியுதா எண்டு பாருங்க.

டவுன்லோட் மெதுவா இருந்தா 'ரிஃப்ளெக்டர'ச் சிங்கப்பூர், இந்தியா எண்டு குடுத்து ஓடவிடுங்க, கிட்ட இருக்கிற மிரர, அதாவது டவுன்லோட் சேர்வர, எடுக்கும். மறுகா 'பேக்ஸ்ட்ராப்', சிஸ்டத்த டிஸ்கில போடுற கட்டளை. இதில என்னென்ன போடுறம் எண்டது முக்கியம். பேஸ், லினக்ஸ், லினக்ஸ்-ஃபர்ம்வேர். உங்கட சிபியுவுக்கு ஏத்த மைக்ரோகோட், அதாவது சிபியுவுக்கான பிழை திருத்தம், இன்டெல் அல்லது ஏஎம்டி. ஃபைல் திருத்த நானோ, அட்மின் வேலைக்கு சுடோ, கிரப், ஈஎஃப்ஐபூட்எம்ஜிஆர். அதோட நெட்வேர்க்மேனேஜர். இது கட்டாயம். பென்னில வைஃபை வேலை செய்யுது எண்டதால டிஸ்கில இருக்கிறதிலயும் வேலை செய்யும் எண்டு இல்ல. அது வேற சிஸ்டம், அதுக்குள்ள நீங்க போட்டது மட்டும்தான் இருக்கும். நானோவும் பேஸுக்குள்ள வராது.

நடுவில கரண்ட் போய் லேப்டாப் நிண்டிட்டா? பேட்டரி பழசான லேப்டாப்புகளுக்கு இது சும்மா கேள்வி இல்ல. பயப்பட வேணாம். பென்னில பூட் பண்ணி, நெட்ட எடுத்து, அதே மாதிரி மவுண்ட் பண்ணுங்க, ஃபார்மட் வேணாம். பேக்ஸ்ட்ராப்பத் திரும்ப ஓட்டுங்க. டவுன்லோட் முழுசா முடிஞ்ச பிறகு நிண்டிருந்தா, இறங்கின பேக்கேஜெல்லாம் டிஸ்கிலதான் இருக்கு, டேட்டா திரும்பப் போகாது. 'டேட்டாபேஸ லொக் பண்ண ஏலாது' எண்டு சொன்னா, எம்என்டிக்குள்ள, பேக்மேன் எண்ட பேக்கேஜ் போடுற புரோகிராமின்ட ஃபோல்டரில 'டிபி டாட் எல்சிகே' எண்டு ஒரு ஃபைல் மிஞ்சியிருக்கு. அத அழிச்சிட்டு ஓட்டுங்க.

அடுத்தது 'ஜென்எஃப்எஸ்டேப்', யூயூஐடி எண்ட பார்ட்டிஷன் அடையாளத்தோட. பூட் ஆகக்குள்ள எத எங்க மவுண்ட் பண்றது எண்ட பட்டியல எழுதும். இது ரெண்டு அம்புக்குறி போட்டு ஃபைலின்ட அடியில சேர்க்கிற கட்டளை. ரெண்டு தரம் ஓட்டினா ஒவ்வொரு வரியும் ரெண்டு தரம் வரும். ஓட்டிப்போட்டு 'கேட்' அடிச்சு வாசியுங்க.

இப்ப 'ஆர்ச்-சிஹெச்ரூட்'. கட்டளை அடிக்கிற வரியின்ட துவக்கத்தில இருக்கிற ப்ராம்ப்டப் பாருங்க. சிவப்பு போயிட்டு, சதுர அடைப்புக்குறிக்குள்ள வந்திட்டு. இப்ப நீங்க நிக்கிறது டிஸ்க் சிஸ்டத்துக்குள்ள. இனிச் செய்யப் போற எல்லாத்தையும் இந்த அடைப்புக்குறியப் பார்த்துத்தான் செய்யோணும்.

நேர வலயம் ஏசியா, கொழும்பு. 'ஹெச்டபிள்யூகுளொக்' ஓட்டுங்க, லேப்டாப்பின்ட உள் கடிகாரத்தில நேரத்த எழுதும். மொழி அமைப்புகள் இருக்கிற லொக்கேல் ஃபைலில 'ஈஎன் யூஎஸ்', 'டிஏ எல்கே' ரெண்டின்டயும் முன்னால இருக்கிற ஹேஷ எடுத்திட்டு 'லொக்கேல்-ஜென்'. டிஏ எல்கே எண்டது இலங்கைத் தமிழ். ஆனா சிஸ்டத்தின்ட மொழியச் சொல்ற 'லேங்'குக்கு ஈஎன் யூஎஸ் குடுங்க. கறுப்பு ஸ்கிரீனில தமிழ் எழுத்து ஒழுங்கா வராது, பிழைச் செய்திய வாசிக்க ஏலாமப் போயிரும். டெஸ்க்டாப் வந்த பிறகு மாத்தலாம். ஹோஸ்ட்நேம், ரூட் பாஸ்வேர்ட், ஒரு யூசர், அந்த யூசர அட்மின் உரிமைக்கான 'வீல்' குரூப்பில சேர்த்து 'விசுடோ'வில வீல் வரியத் திறக்கிறது, இதெல்லாம் ஸ்கிரீனில இருக்கு.

நெட்வேர்க்மேனேஜர 'இனேபிள்' பண்ணுங்க, பூட் ஆகக்குள்ள தானா ஓடும். என்னும் எம்மும் பெரிய எழுத்து, சின்ன எழுத்தில அடிச்சா அப்படி ஒண்டு இல்ல எண்டு சொல்லும்.

கிரப் ரெண்டு கட்டளை. 'கிரப்-இன்ஸ்டால்' ஈஎஃப்ஐயில எழுதும், 'கிரப்-எம்கேகொன்ஃபிக்' மெனுவ உருவாக்கும். ரெண்டாவத மறந்தா, பூட் ஆகக்குள்ள கிரப் ப்ராம்ப்ட் மட்டும் வந்து நிக்கும். விண்டோஸும் மெனுவில வேணுமெண்டா 'ஓஎஸ்-புரோபர்' போட்டு, கிரப் செட்டிங்கில அத நிப்பாட்டி வச்சிருக்கிற வரிய 'ஃபோல்ஸ்' ஆக்கி, எம்கேகொன்ஃபிக்கத் திரும்ப ஓட்டுங்க. சில பழைய லேப்டாப்புகள் புது பூட் பேரக் கணக்கெடுக்காது. அப்படியான மெஷினுக்கு கிரப்-இன்ஸ்டாலோட 'ரிமூவபிள்' எண்டதையும் சேருங்க.

'எக்ஸிட்', அன்மவுண்ட், ரீபூட். பென்னக் கழட்டுங்க. லொகின் பண்ணி 'என்எம்டியூஐ' அடிச்சு வைஃபை எடுங்க.

எழும்பல்லயா? முதல்ல இருந்து துவங்க வேணாம். பென்னில பூட் பண்ணி, ரூட்ட மவுண்ட் பண்ணி, ஈஎஃப்ஐய மவுண்ட் பண்ணி, ஆர்ச்-சிஹெச்ரூட். மூண்டே வரியில திரும்ப உள்ளுக்கு வந்திட்டீங்க. கிரப் பிழைச்சா கிரப்ப மட்டும் போடுங்க. நெட்வேர்க்மேனேஜர் விட்டுப்போனா, பென் தாற நெட்டிலயே அத இறக்கி இனேபிள் பண்ணுங்க. பாஸ்வேர்ட் மறந்தாலும் இதே வழிதான்.

தமிழ் எழுத்துக்கு நோட்டோ ஃபொண்ட், டைப் பண்ண ஐபஸ்-எம்17என். அதில ரெங்கநாதன், தமிழ்99, ஃபொனட்டிக் எண்ட மூண்டு கீபோர்ட் முறையும் இருக்கு. அத டெஸ்க்டாப் போடுற வீடியோவில செய்வம். எங்கயாவது நிண்டா, எந்த ப்ராம்ப்டில நிண்டீங்க, கடைசி வரி என்ன எண்டு ஒரு ஃபோட்டோ எடுத்து கமெண்டில போடுங்க, பார்த்துச் சொல்றன்.