எண்ணுக்கு ஒரு பெயர்

புதுச்சேரி வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

லாஸ்பேட்டை பக்கம் கணினி படிக்கும் பிள்ளைகள் என்னிடம் கேட்பார்கள்: “சார், லினக்ஸில் டெவ் என்ற ஃபோல்டருக்குள் ஹார்ட் டிஸ்க் இருக்கிறது, மவுஸ் இருக்கிறது, சரி. ‘எஃப்டி’ என்று ஒன்று இருக்கிறதே, அது என்ன சாதனம்?” நல்ல கேள்வி. அது சாதனமே இல்லை.

லினக்ஸ் போன்ற யூனிக்ஸ் வகை இயங்குதளத்தில் ஒரு புரோகிராம் எந்த ஃபைலைத் திறந்தாலும், கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி, அதற்கு ஒரு சின்ன எண் தரும். அந்த எண்தான் ஃபைல் டிஸ்கிரிப்டர், சுருக்கமாக எஃப்டி. வழக்கமாக 0 உள்ளீடு, 1 வெளியீடு, 2 பிழைச்செய்தி. அடுத்துத் திறப்பது 3. மருத்துவமனை டோக்கன் மாதிரிதான். கண் பிரிவில் 3 ஒருவர், எலும்புப் பிரிவில் 3 வேறொருவர். என் புரோகிராமின் 3 உங்கள் புரோகிராமில் செல்லாது.

சிக்கல் எங்கே வருகிறது? பல புரோகிராம்கள் ஃபைலின் பெயரைத்தான் கேட்கும், எண்ணை வாங்கிக்கொள்ளாது. ‘பெயருக்குப் பதில் ஒரு கோடு போட்டால் உள்ளீட்டிலிருந்து படி’ என்று சில புரோகிராம்களில் வழக்கம் உண்டு. ஆனால் அதை ஒவ்வொருவரும் தனித்தனியாக எழுதிச் சேர்க்க வேண்டும். பாதிப் பேர் சேர்ப்பதில்லை. பெல் ஆய்வகத்தில் டாம் டஃப் இதைக் கெர்னலிலேயே தீர்த்தார். ஒவ்வொரு எண்ணுக்கும் டெவ்-எஃப்டிக்குள் ஒரு பெயர். 1985இல் வந்த எட்டாம் பதிப்பு யூனிக்ஸில் இது இருந்தது. பழைய புரோகிராம் எதையும் திருத்தவே வேண்டாம்! எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

வில்லியனூரிலும் காலாப்பட்டிலும் கிளை உள்ள ஒரு மருந்துக்கடையை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு சரக்குப் பட்டியலையும் வரிசைப்படுத்தி ஒப்பிட வேண்டும். ஒப்பிடும் ‘டிஃப்’ கட்டளைக்கு இரண்டு ஃபைல் பெயர் வேண்டும். நாம் தட்டும் கட்டளைகளை இயக்கும் பேஷ் ஷெல்லில், ஒவ்வொரு பெயருக்கும் பதிலாக ‘சிறியது’ என்ற கோணக் குறியும் பிறை அடைப்பும் போட்டு, உள்ளே வரிசைப்படுத்தும் ‘சார்ட்’ கட்டளையை எழுதினால் போதும், அதன் வெளியீட்டுக்கு ஷெல்லே ஒரு பெயர் தரும், தற்காலிக ஃபைலே தேவையில்லை. அந்த இடத்தில் ஷெல் என்ன பெயர் வைக்கிறது என்று, எழுத்தைத் திரையில் காட்டும் ‘எக்கோ’ கட்டளை போட்டுப் பாருங்கள். லினக்ஸில் பெரும்பாலும் டெவ், எஃப்டி, 63 என்று வரும். நாம் கையாளும் சின்ன எண்களோடு மோதாமல் இருக்கத்தான் இவ்வளவு மேலே போகிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் தேவை. பல யூனிக்ஸ்களில் இந்தப் பெயரைத் திறப்பது, அதே எண்ணை நகலெடுப்பதற்குச் சமம். பத்து வரி படித்திருந்தால் பதினோராவது வரியிலிருந்து தொடரும். லினக்ஸ் அப்படியில்லை. சாதாரண ஃபைல் என்றால் புதிதாகத் திறந்து முதல் வரியிலிருந்து ஆரம்பிக்கும், அனுமதியையும் மறுபடி சோதிக்கும்.

இதில் பெரிய லாபமும் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம் தன் நடவடிக்கைகளை எழுதிவைக்கும் லாக் ஃபைலை யாரோ தெரியாமல் அழித்துவிட்டால் பதறாதீர்கள், அந்தப் புரோகிராமை நிறுத்தவும் செய்யாதீர்கள். லினக்ஸின் ‘ப்ராக்’ ஃபோல்டரில், ஓடும் ஒவ்வொரு புரோகிராமுக்கும் உள்ள அடையாள எண்களில் அந்தப் புரோகிராமின் எண்ணுக்குள் போய், எஃப்டியில் பாருங்கள். ‘டெலீட்டட்’ என்ற குறிப்போடு ஃபைல் அங்கே இருக்கும். அங்குள்ள எஃப்டி பெயரைக் கொடுத்து, நகலெடுக்கும் ‘சிபி’ கட்டளை போட்டால் முழுதாகத் திரும்பக் கிடைக்கும்.

வணக்கம்.